கல்லில் ஏறிய கருவிகள்

தெகியோவிற்ற, யட்டியாந்தோட்டை, பலாங்கொடைப் பகுதித் தோட்டங்களில் 'துரை' என்ற சொல்லைக் கேட்டே வளர்ந்தவர் நாம். அத்துரைமாருட் பலர் ஸ்கொத்லாந்து தேசத்தவர் என்பதை நேயர்கள் அறிவர். அன்னாரின் சொந்த ஊர்த் தேவாலய முற்றங்களில் நிற்கும் பழைய கல்லறைக் கற்களைப் பற்றி அறிந்தவரோ நம்முள் மிகச் சிலரே.

1560ஆம் ஆண்டிலே அந்நாட்டில் சமயச் சீர்திருத்தம் ஏற்பட்டது. அதன்பின் தேவாலயத்தினுள்ளே பிணம் புதைப்பது விலக்கப்பட்டது. சிலுவையும் புனிதர் உருவங்களும் ஒதுக்கப்பட்டன. ஆகவே, வெளிமுற்றத்துக் கற்களிலே ஒரு சித்திர மொழி தோன்றிப் பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் செழித்தது. மண்டையோடும் குறுக்கிட்ட எலும்புகளும் சாவை உணர்த்தின. மணற்கடிகாரம் கழியும் ஆயுளைக் காட்டிற்று. சில கற்களில் அது சாய்ந்து கிடக்கும், இனி மணல் இறங்காது என்பது குறிப்பு. சிறகு முளைத்த முகம், உடலை நீங்கிப் பறக்கும் உயிர். எழுத்தறியாதவனும் இவற்றைப் படிக்கலாமன்றோ?

இவற்றினும் நம் உள்ளத்தைக் கவர்வன தொழிற் கருவிகளே. டண்டி நகரத்து மக்களுக்கு 1564ஆம் ஆண்டில் மேரி அரசி இடுகாடாக ஒரு நிலத்தை வழங்கினாள். ஒன்பது தொழில்களுக்குரிய சங்கத்தார் அங்கே கூடுவது வழக்கமாதலின், கூடுமிடம் எனப் பொருள்படும் 'ஹௌஃப்' என்பதே அதற்குப் பெயராயிற்று. அந்நாட்டுக் கற்களில் கொல்லனுக்குச் சுத்தியலும் அதன்மேல் முடியும், நெசவாளிக்குத் தறிநாடா, தையற்காரனுக்குக் கத்தரிக்கோல், உழவனுக்குக் கொழு எனச் செதுக்கியிருக்கின்றனர். சுத்தியலுக்கு முடி சூட்டிய அந்த நெஞ்சம் பெரிது! நம் முன்னோரும் நடுகல்லில் வில்லையும் வாளையும் செதுக்கினர். ஆனால் அது பெரும்பாலும் போரிற்பட்ட வீரனுக்கு உரியது.

காப்பிக் காலத்தில் இங்கு வந்த துரைமாரின் கல்லறைகளில் இவ்வடையாளங்கள் அரியன. அதற்குள் அவர் நாட்டிலேயே அவ்வழக்கம் தளர்ந்து, பெயரும் ஊரும் ஆண்டும் பொறிப்பதே பெரிதாயிற்று.

லயத்து மக்களுக்கோ அதுவுமில்லை. தப்பு முழங்கக் கொண்டுபோய்ப் புதைத்த இடத்தில் ஒரு மண்மேடு. இரண்டு மழைக்காலம் கழிந்தால் அதுவும் தரையாகும். ஸ்கொத்லாந்துக் கல்லில் மண்வெட்டி என்றால் குழி வெட்டுவோன் கருவி, சாவின் சின்னம். இங்கோ அதுவே வாழ்வு முழுவதும். இவர்களுக்குக் கல் நாட்டியிருந்தால் எதைச் செதுக்கியிருப்பர்? கொழுந்துக் கூடையையா, கவ்வாத்துக் கத்தியையா, ரப்பர்ப் பால் ஏந்தும் சிரட்டையையா?

கேகாலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஓர் இளைஞனிடம் அவன் பாட்டியைப் புதைத்த இடத்தை வினவினோம். ரப்பர் மரங்களின் மூன்றாம் வரிசையையோ நான்காம் வரிசையையோ காட்டினான், அவனுக்கே உறுதியில்லை. பின்னர் எம்மை லயத்துக்கு அழைத்துச் சென்று, கூரைச் சட்டத்திற் செருகியிருந்த பால்வெட்டுங் கத்தியை எடுத்துத் தந்தான். தீட்டித் தீட்டி அதன் அலகு பாதியாய்த் தேய்ந்திருந்தது.