வலியின் சாட்சி: ஒற்றைத் தலைவலியும் மூளைப் படங்களும்

உசிலம்பட்டிப் பூ மார்க்கெட்டில் பூ விற்கிறவர் என் அத்தை. மாதத்தில் இரண்டு மூன்று நாள், தலையில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு இருட்டறையில் படுத்துவிடுவார். அந்த நாட்களில் மல்லிகை வாசனையே அவருக்குக் குமட்டும். ‘மண்டைக்குள்ள உலக்கை போடுறாப்புல இருக்குடா’ என்பார். வேலைக்குச் சோம்பிக்கிட்டுச் சொல்ற சாக்கு என்பது வீட்டாரின் வியாக்கியானம். கடைசியில் மதுரைக்குக் கூட்டிப்போய் ஸ்கேன் எடுத்தார்கள். அறிக்கை ‘நார்மல்’ என்றது. ‘பாத்தியா, ஒண்ணுமில்லேன்னுட்டான்’ என்றார்கள். அன்றிலிருந்து அத்தை வலியைப் பற்றிப் பேசுவதை நிறுத்திக்கொண்டார். வலி நிற்கவில்லை.

ஒரு படம் ஒரு பெண்ணின் சொல்லைச் செல்லாததாக்கிவிட்டது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்கிறோம். அதாவது வலிக்கு வலிப்பவரின் சொல்லைத் தவிர வேறு சாட்சியில்லை. நவீன மருத்துவம் உடலுக்குள் ஊடுருவிப் பார்க்கும் பார்வையாக உருவான வரலாற்றை ஃபூக்கோ ‘மருத்துவமனையின் பிறப்பு’ (1963) நூலில் எழுதினார். அந்தப் பார்வை இன்று மண்டையோட்டுக்குள்ளும் போய்விட்டது. அங்கே அது என்னத்தைப் பார்க்கிறது?

வித்தியாசங்களைப் பார்க்கத்தான் செய்கிறது. 2004இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு, ஒற்றைத் தலைவலி உள்ள 295 பேரையும் இல்லாத 140 பேரையும் ஒப்பிட்டது. தலைவலி உள்ள பெண்களின் மூளையில், வெண்பொருளின் ஆழத்தில் சிறு புள்ளிகள் கூடுதலாகத் தெரிந்தன. அடிக்கடி வலி வருபவர்களுக்குப் புள்ளிகளும் அதிகம். ஒன்பது ஆண்டுகள் கழித்து இவர்களில் பலரை மீண்டும் படமெடுத்தார்கள். பெண்களுக்குப் புள்ளிகள் கூடியிருந்தன. ஆனால் அதனால் நினைவாற்றலோ சிந்தனையோ மங்கியதாகத் தெரியவில்லை என்றது 2012இல் வந்த அறிக்கை. தலை, முகத்தின் உணர்வுகளைப் பெறும் மூளைப் புறணி இவர்களுக்குச் சற்றுத் தடித்திருப்பதாக 2007இல் பாஸ்டன் ஆய்வொன்று சொன்னது. ரத்தக் குழாய்களைச் சுற்றியுள்ள, திரவம் நிறைந்த நுண்ணிய இடைவெளிகள் அகன்றிருப்பதாக 2022இல் இன்னொன்று. இதில் படமெடுக்கப்பட்டவர்கள் 25 பேர்தான்.

இவற்றை எப்படி வாசிப்பது என்பதே பிரச்சினை. இவை ஒரு கூட்டத்தின் சராசரிக்கும் இன்னொரு கூட்டத்தின் சராசரிக்கும் இடையிலான வித்தியாசங்கள். தனியொருவர் தலையைப் படமெடுத்து ‘இவருக்கு ஒற்றைத் தலைவலி’ என்று சொல்ல இவற்றால் ஆகாது. சாதாரண ஸ்கேன் தேடுவது கட்டி, ரத்தக்கசிவு போன்றவற்றை. ‘நார்மல்’ என்றால் அவை இல்லை என்று அர்த்தம். வலி இல்லை என்றல்ல.

இரண்டாவது, வித்தியாசம் வலிக்குக் காரணமா, வலி விட்டுச்சென்ற தடமா? இடுப்பு மூட்டுத் தேய்மானத்தால் நாள்பட்ட வலி உள்ளவர்களுக்கு மூளையின் சாம்பல்பொருள் சில இடங்களில் குறைந்திருந்ததை 2009இல் ஒரு ஜெர்மன் ஆய்வு கண்டது. அறுவை சிகிச்சைக்குப் பின் வலி போனதும் அது மீண்டும் கூடியது. அப்படியானால் மூளை, வலி எழுதிச் செல்லும் பிரதியாகவும் இருக்கலாம். இதை மறந்துவிட்டு ‘மூளையிலேயே வித்தியாசமாம்’ என்று மட்டும் பிடித்துக்கொண்டால், சோம்பேறி என்ற பட்டம் போய் ‘மண்டைக் கோளாறு’ என்ற பட்டம் வரும். நம் ஊர்களில் ஒரு பெண்ணுக்கு இரண்டாவது இன்னும் ஆபத்தானது.

ஒற்றைத் தலைவலியை இன்றும் சொல்லைக் கேட்டுத்தான் கண்டுபிடிக்கிறார்கள். சர்வதேசத் தலைவலிக் கழகத்தின் 2018ஆம் ஆண்டுப் பட்டியல் கேட்பவை இவை: மருந்தில்லாவிட்டால் 4 முதல் 72 மணி நேரம் நீடிக்கும் வலி, குறைந்தது ஐந்து முறையாவது வந்திருக்க வேண்டும். ஒரு பக்க வலி, தெறிக்கும் வலி, கடுமை, நடமாடினால் கூடுதல் என்ற நான்கில் இரண்டு இருக்க வேண்டும். குமட்டல் அல்லது வாந்தி, இல்லையேல் வெளிச்சமும் சத்தமும் தாங்காமை. வேறு நோய் காரணமில்லை என்பதும் உறுதியாக வேண்டும். திடீரென்று இடிபோல் வரும் வலி, கைகால் தளர்ச்சி, காய்ச்சலோடு கழுத்து இறுக்கம், ஐம்பது வயதுக்குமேல் புதிதாகத் தொடங்கும் வலி என்றால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும், ஸ்கேனும் தேவைப்படும். மற்றபடி முதல் ஆதாரம் நோயாளியின் கதையாடல்தான்.

காதுகொடுத்தால் புதிதாகவும் தெரியவரும். தலைக்குக் குளித்தால் மண்டையிடி வருகிறது என்று நம் பெண்கள் காலங்காலமாகச் சொல்கிறார்கள். அப்படிச் சொன்ன 94 இந்திய நோயாளிகளைப் பற்றி மும்பை மருத்துவர் கே. ரவிசங்கர் 2006இல் எழுதிய பிறகே அது ஆய்விதழ் ஏறியது. கர்நாடகத்தில் வயதுவந்தோரில் ஓராண்டுக்குள் ஒற்றைத் தலைவலி கண்டவர்கள் 25.2 சதவீதம் என்று 2015இல் வெளியான கள ஆய்வும், வீடு வீடாகப் போய்க் கேட்டு எடுத்த கணக்குத்தான். அதிலும் பெண்களே அதிகம்.

அந்தப் பட்டியலை அத்தைக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்: ‘இதையெல்லாந்தானடா நானும் சொன்னேன்.’