தரவுத்தளத்தின் அகமும் அதன் ஒழுங்கும்

களஞ்சியம் ஒன்றிற்குப் பொருள் பெற வருவோர் வாயிலில் நின்று தமக்கு வேண்டியதைக் கேட்பர். களஞ்சியப் பொறுப்பாளர் ஏட்டிற் பதிந்து, பொருளை எடுத்துக் கொடுப்பர். கேட்போர் உள்ளே புகுந்து தட்டுக்களைத் தாமே துழாவுதல் வழக்கமன்று. கணினியுலகில் தரவுத்தளச் சேவையகம் என வழங்குவதும் இத்தகைய அமைப்பே. வெளியே நிற்கும் செய்நிரல் எஸ்.கியூ.எல். என்னும் மொழியில் தன் வேண்டுகோளை விடுக்கின்றது. சேவையகம் அதனை ஆராய்ந்து, உரிமை உண்டோ எனப் பார்த்து, விடையளிக்கின்றது.

ஆயின், அக்களஞ்சியத்தினுள்ளேயே வேலை செய்யும் ஒருவனுக்குப் பொருளொன்று தேவைப்படின் அவன் யாது செய்தல் வேண்டும்? கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் தானே எடுத்துக்கொள்ளலாமா? அன்றி, அவனும் முறைப்படி கேட்டே பெறல் வேண்டுமா? சேவையகத்தின் உள்ளே இயங்கும் சி மொழிச் சார்புகள் எஸ்.கியூ.எல். கட்டளைகளை நிறைவேற்றுவது எங்ஙனம் என்னும் பொருள் இவ்வினாவையே அடிப்படையாகக் கொண்டது. போஸ்ட்கிறெஸ்கியூஎல் என்னும் தரவுத்தள முறைமையை எடுத்துக்காட்டாகக் கொண்டு அதனை விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் வரலாற்றைச் சுருங்கக் காண்போம். தரவுகளை நிரைகளும் நிரல்களும் கொண்ட அட்டவணைகளாகக் கருதி, கணிதத்தின் தொடர்புக் கொள்கையால் ஆளலாம் என்னும் கருத்தை எட்கர் கொட் என்பார் 1970ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதனைப் பின்பற்றி டொனால்ட் சேம்பர்லின், றேமண்ட் பொய்ஸ் என்னும் இருவர் 1974ஆம் ஆண்டில் வெளியிட்ட வினவல் மொழியே பிற்காலத்தில் எஸ்.கியூ.எல். ஆயிற்று. ஏறக்குறைய அதே காலத்தில், 1970களின் தொடக்கத்தில், பெல் ஆய்வுகூடத்தில் டெனிஸ் றிச்சி சி மொழியை உருவாக்கினார். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்கிலி வளாகத்தில் மைக்கல் ஸ்ரோன்பிறேக்கரின் தலைமையில் 1986ஆம் ஆண்டில் தொடங்கிய போஸ்ட்கிறெஸ் என்னும் ஆய்வுத் திட்டம், பின்னர் எஸ்.கியூ.எல். மொழியை ஏற்று, 1996ஆம் ஆண்டில் இன்றைய பெயரைப் பெற்றது. அச்சேவையகம் சி மொழியில் எழுதப்பட்டதாகும்.

இவ்விரு மொழிகளும் இயல்பால் வேறுபட்டவை. எஸ்.கியூ.எல். 'இன்னது வேண்டும்' என்று மட்டுமே கூறும்; அதனை எவ்வழியில் தேடுவது என்பதைச் சேவையகத்தின் பொறுப்பில் விடும். சி மொழியோ 'இன்னவாறு செய்க' எனப் படிப்படியாகக் கட்டளையிடும். நினைவகத்தின் ஒவ்வோர் இடத்தையும் சுட்டிகள் வாயிலாகத் தானே தொடவல்லது. முன்னையது அடக்கம் மிக்கது. பின்னையது ஆற்றல் மிக்கது. இவ்விரண்டையும் ஓரிடத்திற் சேர்ப்பதன் பயன் யாது?

கல்லூரி ஒன்றில் 900 மாணவர் பயில்வதாகவும், ஒவ்வொருவரின் புள்ளிகளையும் எடுத்துச் சிக்கலான ஒரு கணிப்பைச் செய்யவேண்டியிருப்பதாகவும் கொள்வோம். வெளியே உள்ள செய்நிரல் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு வேண்டுகோளாக விடுக்குமாயின், 900 முறை கேள்வி செல்லவும் 900 முறை விடை மீளவும் வேண்டும். கணிப்பிற் கழியும் நேரத்தினும் போக்குவரத்திற் கழியும் நேரம் மிகுந்துவிடும். அக்கணிப்பைச் சேவையகத்தின் உள்ளேயே ஒரு சார்பாக அமைத்துவிட்டால், வெளியிலிருந்து ஒரே வேண்டுகோள் போதும். மேலும், எவர் எவ்வழியாக வந்து தரவை மாற்றினும் தவறாது காக்கப்படவேண்டிய விதிகள் சில உண்டு. அவற்றை வாயிலுக்கு வெளியே வைத்தால் ஒருவர் மறப்பர், மற்றொருவர் புறக்கணிப்பர். உள்ளே வைத்தாலே அவை எல்லார்க்கும் பொதுவாகும்.

சி மொழியில் எழுதிய சார்பைத் தொகுத்து, இயங்குநேரத்தில் ஏற்றத்தக்க கோப்பாக்கி, 'இக்கோப்பிலுள்ள இச்சார்பை இப்பெயரால் அறிக' என்று சேவையகத்துக்கு ஓர் அறிவித்தல் கொடுத்தல் வேண்டும். இவ்வறிவித்தலைக் கொடுக்கும் உரிமை முழு அதிகாரம் படைத்த நிருவாகிக்கு மட்டுமே உண்டு. காரணம் வெளிப்படை. அச்சார்பு சேவையகத்தின் செயல்முறையினுள்ளேயே, அதன் நினைவகத்தைப் பகிர்ந்துகொண்டு இயங்குகின்றது. அதிற் சுட்டியொன்று தவறான இடத்தைத் தொட்டுவிட்டால் வீழ்வது அச்சார்பு மட்டுமன்று. போஸ்ட்கிறெஸ்கியூஎல் ஒவ்வோர் இணைப்புக்கும் தனிச் செயல்முறையொன்றை ஒதுக்குகின்றது. அவற்றுள் ஒன்று இவ்வாறு நிலைகுலையுமாயின், பொது நினைவகம் கெட்டிருக்கலாம் என்னும் ஐயத்தால், தலைமைச் செயல்முறை ஏனைய இணைப்புகள் யாவற்றையும் துண்டித்து, பதிவேட்டின் துணைகொண்டு தரவுத்தளத்தை மீட்டு, புதிதாகத் தொடங்குகின்றது. ஒருவரின் கவனக்குறைவு அவ்வேளையில் இணைந்திருந்த அனைவரின் வேலையையும் இடைநிறுத்திவிடும்.

இத்துணை ஆற்றலுடன் உள்ளே நிற்கும் சார்பு, அட்டவணைக் கோப்புகளைத் தானே திறந்து படித்துவிடலாகாதா எனச் சிலர் வினவலாம். படிக்கலாம்; ஆனாற் படித்தது உண்மையாகாது. போஸ்ட்கிறெஸ்கியூஎல் ஒரு நிரையை மாற்றும்பொழுது பழையதை உடனே அழிப்பதில்லை. புதிய வடிவத்தை அருகே எழுதிவைக்கின்றது. ஆகவே ஒரே மாணவனின் புள்ளி இரண்டு மூன்று வடிவங்களிற் காணப்படலாம். அவற்றுள் எது இவ்வேளையில் இவருக்குச் செல்லுபடியானது என்பதைக் கொடுக்கல் வாங்கல்களின் நிலையை நோக்கியே தீர்மானித்தல் கூடும். அன்றியும், பூட்டுக்கள், சுட்டெண்கள், பயன்படுத்துவோர் உரிமைகள் என்பனவும் உள. இவற்றையெல்லாம் ஒவ்வொரு சார்பும் தானே கவனிக்க முற்படின், காவல் செய்யும் வேலியே பயிரை மேய்ந்த கதையாக முடியும்.

எனவேதான் சேவையகத்தை ஆக்கியோர் உள்ளே இருப்போர்க்கெனவும் ஒரு முறையான வாயிலை அமைத்தனர். அது சேவையக நிரலாக்க இடைமுகம் எனப்படும், எஸ்.பி.ஐ. என்பது அதன் சுருக்கப்பெயர். அதன் நடைமுறை நான்கு படிகளைக் கொண்டது. முதலாவதாக, சார்பு 'கனெக்ட்' என்னும் அழைப்பால் இடைமுகத்துடன் இணைகின்றது. இரண்டாவதாக, 'எக்சிக்யூட்' என்னும் அழைப்பால் எஸ்.கியூ.எல். கட்டளையைக் கொடுக்கின்றது, எத்தனை நிரைகள் வரை வேண்டும் என்னும் எல்லையையும் அதனுடன் கூறலாம், சுழியம் எனக் கூறின் எல்லை இல்லை என்பது பொருள். மூன்றாவதாக, விடையை எடுத்து ஆராய்கின்றது. கையாளப்பட்ட நிரைகளின் தொகை ஒரு மாறியிலும், கிடைத்த நிரைகள் ஓர் அட்டவணையிலும் வைக்கப்பட்டிருக்கும். நிரைகளைச் சுழியத்திலிருந்து எண்ணுதல் வேண்டும். நிரல்களையோ ஒன்றிலிருந்து எண்ணுதல் வேண்டும். புதிதாகப் பயில்வோர் இவ்வேறுபாட்டை நினைவிற் கொள்ளுதல் நன்று. நான்காவதாக, 'பினிஷ்' என்னும் அழைப்பால் விடைபெறுகின்றது.

தொடக்கத்திற்கும் முடிவிற்கும் தனித்தனி அழைப்பு வைத்ததிற் கருத்தொன்று உண்டு. இணையும்பொழுது இடைமுகம் நினைவகத்திற் புதியதொரு பகுதியை ஒதுக்குகின்றது. இடையே பெறும் இடமெல்லாம் அப்பகுதிக்கே உரியது. விடைபெறும்பொழுது அது முழுவதும் ஒருங்கே துடைக்கப்படும். நினைவகத்தை விடுவிக்க மறத்தல் சி மொழியில் அடிக்கடி நேரும் குறை. அக்குறையை இம்முறை பெரிதும் தவிர்க்கின்றது. ஆயினும் அழைத்தவருக்குத் திருப்பிக் கொடுக்கவேண்டிய விடையையும் அப்பகுதியில் வைத்துவிட்டால் அதுவும் துடைக்கப்பட்டுவிடும். ஆதலின், வெளியே எடுத்துச் செல்லவேண்டியதை அழைத்தவரின் பகுதியில் வைப்பதற்கெனத் தனியான ஓர் ஒதுக்கீட்டு அழைப்பும் தரப்பட்டுள்ளது.

இனி, பிழை நேருமிடத்து நிகழ்வதைக் காண்போம். கொடுத்த கட்டளை தோல்வியுறுமாயின் கட்டுப்பாடு அச்சார்புக்குத் திரும்பி வருவதேயில்லை. எதிரெண்ணொன்றை விடையாகப் பெறுதல், இணையாமலே கட்டளை கொடுத்தல் போன்ற முறைகேடுகளுக்கு மட்டுமே உரியது. கட்டளை நிறைவேறுகையிற் பிழை எழின், அச்சார்பு அடங்கிய கொடுக்கல் வாங்கல், அல்லது அதன் உட்பகுதி, முழுவதும் பின்வாங்கப்படும். இடைமுகமும் தானே தன்னைத் துப்புரவாக்கிக்கொள்ளும். 'பிழையைத் திருத்தும் வாய்ப்பை எனக்குத் தரவில்லையே' என ஒருவர் குறைகூறலாம். ஆனாற் பாதி எழுதிய பதிவேடு, எழுதாத பதிவேட்டினும் தீயது என்பதை யாவரும் அறிவர். புள்ளிகளைக் கூட்டும் சார்பு நானூறாவது மாணவனிடத்தில் இடறி விழுந்தால், முன்னைய 399 பேரின் மாற்றமும் நிலையாதொழிதலே நேர்மை.

அழைப்பின் இடையே, கொடுக்கல் வாங்கலை உறுதிசெய்யும் கட்டளையைச் சார்பு சாதாரண முறையிற் கொடுத்தாலும் இடைமுகம் அதனை மறுத்துவிடும். வெளியிலிருந்து ஒருவர் தொடங்கிய காரியத்தை உள்ளிருப்பவன் தன்னிச்சையாக முடித்துவைத்தல் தகாது என்பது கருத்து. 2018ஆம் ஆண்டில் வெளிவந்த 11ஆம் பதிப்பிலேயே, தனியாக அழைக்கப்படும் நடைமுறைகளுக்கு மட்டும் இவ்வுரிமை வழங்கப்பட்டது.

இவ்விடைமுகத்தின் நுட்பங்களுள் ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது 'எவருக்கு எது தெரியும்' என்னும் விதியாகும். இதன் முதன்மையை உணர்த்தும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1970களில் ஐ.பி.எம். நிறுவனத்தில் சேம்பர்லினும் உடனாய்வாளர்களும், 25,000 டொலருக்குக் குறைந்த சம்பளம் பெறுவோர்க்கு நூற்றுக்குப் பத்து வீதம் உயர்த்தும் கட்டளையொன்றை ஆராய்ந்தனர். கட்டளை பிழையின்றி முடிந்தது. ஆனால் அனைவரின் சம்பளமும் 25,000 டொலரை எட்டியிருந்தது. சம்பள வரிசைச் சுட்டெண்ணின் வழியே சென்றபொழுது, உயர்த்தப்பட்ட நிரை வரிசையில் முன்னே நகர்ந்து மீண்டும் எதிர்ப்பட்டது; மீண்டும் உயர்த்தப்பட்டது. தான் செய்த மாற்றத்தைத் தானே புதியதெனக் கண்டு கட்டளை மயங்கிற்று. அது வெளிப்பட்டது ஹலோவீன் நாளன்று ஆதலால் இன்றும் ஹலோவீன் சிக்கல் என்றே வழங்குகின்றது.

இதனைத் தவிர்க்கும் பொருட்டு, ஒரு கட்டளை செய்யும் மாற்றங்கள் அக்கட்டளைக்கே தெரியலாகாது என்பது முதல் விதியாயிற்று. அவ்வாறாயின் அக்கட்டளையால் அழைக்கப்பட்ட சி மொழிச் சார்பு உள்ளிருந்து வேறொரு கட்டளையை விடுக்கும்பொழுது எதனைக் காணும்? இதனைத் தெரிவுசெய்யும் பொறுப்பு சார்பை எழுதுவோர்க்கே விடப்பட்டுள்ளது. 'எக்சிக்யூட்' அழைப்பில் 'படித்தல் மட்டும்' என்று குறித்தால், உட்கட்டளை வெளிக்கட்டளை காணும் அதே தோற்றத்தையே காணும். எதனையும் மாற்றவும் இயலாது. அங்ஙனம் குறியாவிடின், அதுவரை நிகழ்ந்த மாற்றங்கள் யாவும், வெளிக்கட்டளை பாதியிற் செய்து நிற்பவையும் உட்பட, அதன் கண்ணிற் படும். புள்ளிகளைத் திருத்திக்கொண்டிருக்கும் கட்டளையின் நடுவே வகுப்புச் சராசரியைக் கேட்கும் சார்பு, முன்னைய முறையில் ஒரே சராசரியையும், பின்னைய முறையில் நிரைக்கு நிரை மாறும் சராசரியையும் தரும். ஒரு சிறு குறி, விடையையே மாற்றிவிடும்.

கட்டளையைச் சொற்றொடராகக் கட்டும்பொழுதும் விழிப்பு வேண்டும். டி’சில்வா என்பது போல நடுவே மேற்குறி வரும் ஆங்கில எழுத்துப் பெயரொன்றைக் கட்டளையின் இடையே அப்படியே ஒட்டினால், அக்குறி மேற்கோளை முடித்துவைத்துக் கட்டளையைச் சிதைக்கும். தீயநோக்குடையோர் அவ்விடைவெளியைப் பயன்படுத்தித் தம் கட்டளையைப் புகுத்திவிடவும் கூடும். ஆதலின் மதிப்புகள் வரும் இடங்களைக் குறியிட்டு வைத்து, மதிப்புகளைத் தனியே கொடுத்தலே தக்க முறை. அங்ஙனம் அமைந்த கட்டளையை ஒருமுறை ஆராய்ந்து ஆயத்தம் செய்து, இணைப்பு உள்ளவரையும் பேணி வைத்து, பன்முறை பயன்படுத்தவும் இடைமுகம் வழிசெய்கின்றது.

பிறர்க்கு விதித்த முறையைச் சேவையகம் தானும் பின்பற்றுகின்றதா? பின்பற்றுகின்றது. இதுவே இவ்வமைப்பின் சிறப்பு எனலாம். பீஎல்பீஜீஎஸ்கியூஎல் என்னும் உள்மொழி தன் கட்டளைகளை இவ்விடைமுகத்தின் வாயிலாகவே நிறைவேற்றுகின்றது. புள்ளி அட்டவணையிற் குறித்த மாணவன் மாணவர் அட்டவணையில் உளனா எனப் பார்க்கும் அயற்சாவி விதியையும், சேவையகத்தின் சி மொழிச் செய்நிரல் நெடுங்காலமாக இவ்வாயிலில் எஸ்.கியூ.எல். வினவலொன்றை விடுத்தே காத்து வந்துள்ளது. பூட்டும், உரிமையும், நிரையின் வடிவங்களும் அவ்வழியில் ஒருங்கே கவனிக்கப்படுகின்றன.

எனினும் இம்முறையை எதற்கும் கையாளலாம் எனக் கருதுதல் பிழை. ஒற்றை எஸ்.கியூ.எல். கட்டளையால் முடியும் காரியத்துக்குச் சார்பு வேண்டுவதில்லை. உள்மொழியால் முடிவதற்குச் சி மொழி வேண்டுவதில்லை. கணிப்பு மிகுந்தும், விரைவு இன்றியமையாததாயும் உள்ள இடத்திலேயே சி மொழி தகும். அங்கும், அதனை எழுதுவோர் சேவையகம் முழுவதன் பாதுகாப்பையும் தம் கையிற் கொள்கின்றனர் என்பதை மறத்தலாகாது.

கணினித் துறையிற் புகவிருக்கும் மாணவர்கள் அழைப்புகளின் பெயர்களைக் கைந்நூலிற் பார்த்துக்கொள்ளலாம். உளங்கொள்ள வேண்டியது அவற்றின் அடியில் உள்ள கொள்கையே. உள்ளே புகும் உரிமை, முறையைக் கடக்கும் உரிமையன்று. சி மொழிச் சார்பு தட்டிலுள்ள பொருளைத் தானே எடுக்க வல்லது. வல்லதாயினும் வெளியில் நிற்போன் பேசும் அதே மொழியிற் கேட்டு, அதே சட்டத்திற்கு அமைந்து பெறுகின்றது. அதனாலேயே வெளியில் நிற்போனுக்குக் கிடைக்கும் விடையும் நம்பத்தக்கதாகின்றது.