கண் ஓடுகிறது, மனம் நின்றுவிட்டது

ஜார்ஜ் எலியட்டின் 'ரோமோலா' என்ற சரித்திர நாவல் 1862 ஜூலையில் லண்டனின் 'கார்ன்ஹில்' இதழில் தொடங்கி, அடுத்த ஆண்டு ஆகஸ்டில் முடிந்தது. அதற்கு அவர் பெற்றது 7,000 பவுன். அந்தக் காலத்தில் மலைக்க வைக்கும் தொகை. 15ஆம் நூற்றாண்டு ஃபிளாரன்ஸை எழுத அவர் அந்நகருக்கே இருமுறை போய்ப் பழைய நூல்களைத் துருவினார். இருந்தும் இதழின் விற்பனை எதிர்பார்த்தபடி ஏறவில்லை. இத்தனை உழைப்புக்குப் பிறகும் ஒரு நாவல் ஏன் வாசகரைத் திணற வைக்கிறது?

விடையின் ஒரு பாதி நம் கண்ணில் இருக்கிறது. படிக்கும்போது கண் வரியின் மேல் வழுக்கிப் போவதில்லை. ஓரிடத்தில் ஏறத்தாழ கால் நொடி நிற்கிறது, தாவுகிறது, மறுபடி நிற்கிறது. பழகிய சொல்லைச் சட்டென்று கடக்கும். அரிய சொல்லில் தயங்கும். 2010இல் எரிக் ரைக்லும் அவருடைய சகாக்களும் ஜேன் ஆஸ்டின் நாவல் ஒன்றைப் படிக்கக் கொடுத்து, வாசகர்களின் கண் அசைவைப் பதிவு செய்தார்கள். மனம் அலைந்த வேளைகளிலும் கண் வரிவரியாக நகர்ந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் பழகிய சொல்லுக்கும் அரிய சொல்லுக்கும் அது காட்டும் வேறுபாடு மங்கிவிட்டது. பக்கம் புரண்டது, வாசிப்பு நடக்கவில்லை.

மனம் ஏன் அலைகிறது? கதை படிக்கும்போது நாம் வாக்கியங்களைச் சேர்த்து வைப்பதில்லை. யார், எங்கே, எதற்காக என்று ஓர் உலகத்தைக் கட்டுகிறோம். நம் காலத்துக் கதையில் பாதி உலகம் ஏற்கெனவே நமக்குத் தெரிந்தது. சரித்திர நாவலில் தெரு, பதவி, நாணயம், கட்சி எல்லாவற்றையும் புதிதாக எழுப்ப வேண்டும். ஒரே நேரத்தில் மனம் ஏந்தக்கூடியவையோ நான்கைந்துதான். 'ரோமோலா' 1492இல், லோரென்சோ டி மெடிச்சி இறந்த மறுநாள் தொடங்குகிறது. சந்தை, நாவிதர் கடை, அறிஞர்கள் என்று பெயர்கள் வரிசையாக வருகின்றன. அவற்றைக் கோத்து வைக்க ஒருவருடைய ஆசையோ அச்சமோ இன்னும் வரவில்லை.

அது வந்ததும் நடப்பதைப் பாருங்கள். அடிமைப்பட்ட வளர்ப்புத் தந்தையை மீட்க வேண்டிய பணத்தை டிட்டோ என்ற இளைஞன் தன்னிடமே வைத்துக்கொள்கிறான். 1494இல் பிரெஞ்சுப் படை நகருக்குள் வரும் நாளில், தப்பி ஓடிவரும் கைதி ஒருவர் பேராலயப் படிக்கட்டில் அவன் கையைப் பற்றுகிறார். அதே தந்தை! யாரோ பித்தன் என்று டிட்டோ தள்ளிவிடுகிறான். இப்போது படையெடுப்பு, படிக்கட்டு, கூட்டம் எதுவுமே வெறும் தகவல் இல்லை. ஒவ்வொன்றும் அந்தத் துரோகத்தோடு பிணைந்து நினைவில் தங்குகிறது.

அப்படியொரு முடிச்சு விழாத நாவலையும் நாம் ஏன் விடாமல் இழுத்துக்கொண்டு போகிறோம்? ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் புளூமர் இருவரும் 1985இல் வெளியிட்ட ஆய்வில் இதற்கு ஒரு தடயம் உண்டு. நாடக அரங்கு ஒன்றில் ஆண்டுச் சீட்டு வாங்க வந்தவர்களில் சிலருக்கு மட்டும், அவர்கள் கேட்காமலே விலையைக் குறைத்தார்கள். நாடகங்கள் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் பருவத்தின் முதல் பாதியில், முழு விலை கொடுத்தவர்களே அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். செலவழித்தது வீணாகக் கூடாது என்ற எண்ணம் நம்மை அந்த அளவுக்குப் பிடித்து வைக்கிறது. நாவலில் நாம் கொடுத்த விலை, கடந்து வந்த முந்நூறு பக்கங்கள்.

அந்தப் பக்கங்களுக்குக் கொடுத்த நேரம் எப்படியும் திரும்பாது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி முன்னால் இருக்கும் பக்கங்களைப் பற்றியது. புத்தகத்தை மூடிவிட்டு வேறு வேலை பார்க்கும்போது, 'அவனுக்கு என்ன ஆகும்?' என்று மனம் தானாகக் கேட்கிறதா? கேட்டால் உலகம் உள்ளே எழும்பிக்கொண்டிருக்கிறது, தொடருங்கள். இன்னும் எத்தனை பக்கம் என்று மட்டுமே எண்ணுகிறதென்றால், தயங்காமல் அடுத்த நாவலை எடுங்கள். வாசிக்கும் மனம் அதற்குத்தான் காத்திருக்கிறது.