பசுமையின் நடுவே பஞ்சம்

சென்ற இதழில், 'பதேர் பாஞ்சாலி' முதல் 'அபுர் சன்சார்' வரை 1955க்கும் 1959க்கும் இடையே சத்யஜித் ராய் படைத்தளித்த மூன்று படங்களைப் பார்த்தோம். அவற்றின் மேன்மையைப் பற்றி ரஸிகர்களிடையே அபிப்பிராய பேதம் அதிகம் இல்லை. இந்த வாரம் எடுத்துக்கொள்ளும் 'அசனி சங்கேத்' அத்தகையதன்று. 1973-ஆம் ஆண்டு பெர்லின் விழாவில் தங்கக் கரடிப் பரிசு பெற்ற அந்தப் படத்தைப் போற்றியவர்களும் உண்டு. லட்சக்கணக்கான ஏழைகள் பசியால் மடிந்த ஒரு மகா கொடுமையை இத்தனை சௌந்தர்யத்தோடு, இத்தனை வண்ணங்களோடு காட்டலாமா என்று மனம் கசந்து கேட்டவர்களும் உண்டு. அந்த ஆட்சேபத்தை அலட்சியமாகத் தள்ளிவிடக் கூடாது. கலைஞனின் தர்மம் எது என்பதையே அது தொடுகிறது.

கதை விபூதிபூஷண் பந்த்யோபாத்யாயருடைய நாவலிலிருந்து எடுக்கப்பட்டது. பிராமணர் வேறு யாரும் இல்லாத ஒரு வங்கக் கிராமத்தில் மனைவி அனங்காவோடு குடியேறிய கங்காசரண், பள்ளிக்கூடம் வைத்தும், புரோகிதம் செய்தும், நாடி பார்த்து மருந்து கொடுத்தும், ஊரார் பக்தியோடு கொண்டுவந்து வைக்கும் அரிசியிலும் காய்கறியிலும் கவலையின்றிக் காலம் தள்ளுகிறார். எங்கோ யுத்தம் நடக்கிறது. சிங்கப்பூர் விழுந்தது என்று செய்தி வருகிறது. அந்த ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்பது அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. தலைக்கு மேல் பறக்கும் விமானங்களை அனங்கா ஒரு கண்கொள்ளாக் காட்சியாகவே நிமிர்ந்து பார்க்கிறாள். பின்பு மண்ணெண்ணெய் கிடைக்காமற் போகிறது. அரிசியின் விலை ஏறுகிறது. அப்புறம் விலை கொடுத்தாலும் அரிசி இல்லை. மானத்தோடு வாழ்ந்த பெண்கள் காட்டுக்கிழங்கு தோண்டப் போகிறார்கள். சுட்கி என்ற இளம் பெண், ஒரு பிடி அரிசிக்காக, முகம் தீயில் வெந்த ஒரு சூளைக்காரனுடைய ஆசைக்கு இணங்குகிறாள்.

இவை அனைத்தும் நடக்கிற களத்தைக் கவனிக்க வேண்டும். குளங்கள் நிரம்பிக் கிடக்கின்றன, மரங்கள் தழைத்து நிற்கின்றன, வண்ணத்துப்பூச்சிகள் பறக்கின்றன, அந்தி வானம் செக்கச் செவேலென்று எரிகிறது. சாந்திநிகேதனத்தில் நந்தலால் போஸிடம் சித்திரம் பயின்ற ராயின் கண்ணும், ஒளிப்பதிவாளர் சௌமேந்து ராயின் கைத்திறனும் சேர்ந்து அந்தப் பசுமையைத் திரை முழுவதும் நிறைத்துவிடுகின்றன. 'காஞ்சன் ஜங்கா'வுக்கு (1962) அடுத்தபடியாக ராய் முழுவதும் வண்ணத்தில் எடுத்த கதைப்படம் இதுதான். 1943-ஆம் ஆண்டுப் பஞ்சத்தை ஜைனுல் ஆபிதீனும் சித்தபிரசாதும் கறுப்பு மையில் தீட்டிய எலும்பு உருவங்களாகவே பார்த்துப் பழகியவர்களுக்கும், அப்பாஸின் 'தர்தீ கே லால்' (1946) படத்தின் கறுப்பு வெள்ளையில் அதைக் கண்டவர்களுக்கும் இந்த வண்ணங்கள் ஓர் அபசாரமாகத் தோன்றியதில் வியப்பில்லை. தாது வருஷப் பஞ்சத்தின் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்குங்கூட, பஞ்சம் என்றால் மழை பொய்த்து, ஏரி வற்றி, வயல் வெடித்துக் கிடக்கும் தோற்றந்தானே மனத்தில் எழுகிறது?

ஆனால் வங்கத்தில் நடந்தது அதுவன்று. இந்த விவாதத்தின் உயிர்நிலையே அங்கேதான் இருக்கிறது. ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்ததும் பர்மா அரிசி நின்றது. எதிரியின் கையில் அகப்படக் கூடாது என்று சர்க்கார் நதிக்கரை மக்களின் படகுகளைப் பறிமுதல் செய்தது. 1942 அக்டோபரில் மிதுனாபுரியைப் புயல் தாக்கியது. யுத்தச் செலவும் பதுக்கலும் விலையை விரட்டின. கல்கத்தாவில் 1942 டிசம்பரில் மணங்கு ஒன்றுக்கு 13, 14 ரூபாயாக இருந்த அரிசி, அடுத்த ஆகஸ்டில் 37 ரூபாய்க்கு ஏறியது. நாட்டிலிருந்த மொத்த உணவு முந்தைய ஆண்டுகளைவிட மிகக் குறைந்துவிடவில்லை என்றும், அதை வாங்கும் சக்தியைத்தான் ஏழை இழந்தான் என்றும் அமர்த்தியா சென் 1981-இல் வெளியிட்ட நூலில் வாதித்தார். விசாரணைக் கமிஷன் கணக்கிட்ட சாவு சுமார் 15 லட்சம். பிற்கால ஆராய்ச்சியாளர் பலர் 30 லட்சம் வரை சொல்கிறார்கள். இந்த உண்மைகளை மனத்தில் வைத்துக்கொண்டு மீண்டும் படத்தைப் பார்ப்பவனுக்கு, அந்தப் பசுமை அலங்காரமாகத் தோன்றாது; குற்றச்சாட்டாகவே தோன்றும். வெடித்த வயலைக் காட்டியிருந்தால் பழி வானத்தின் மேல் போயிருக்கும். நிலம் தன் கடமையைச் செய்துகொண்டிருக்கும்போதே மனிதன் செத்தான் என்று காட்டுவதற்கு வண்ணத்தைவிடப் பொருத்தமான சாட்சி வேறில்லை.

ஆயினும் ஆட்சேபிப்பவர்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு. அனங்காவாக நடித்த பபிதாவின் முகத்தில், மாதக் கணக்கில் அரைவயிறு கிடந்தவளின் வாட்டத்தை நான் காணவில்லை. நிலத்தின் செழுமை வாதத்துக்குத் துணை செய்கிறது, கதாநாயகியின் பொலிவோ அதைப் பலவீனப்படுத்துகிறது. விலையை ஏற்றியவர்களும் ஆணையிட்டவர்களும் திரைக்கு வெளியிலேயே நின்றுவிடுகிறார்கள் என்பது இன்னும் கனமான குறை. அது மனிதனால் விளைந்த பஞ்சம் என்ற தீர்ப்பு கடைசியில் வரும் எழுத்துக்களில்தான் வெளிப்படையாகச் சொல்லப்படுகிறது. மடிந்த கிராமவாசிகளுக்குத் தங்களைக் கொன்றவர் யார் என்று தெரியாமலே இருந்தது; அந்த அறியாமைக்குள் நம்மையும் நிறுத்துவதே ராயின் நோக்கம் என்று இதற்குச் சமாதானம் கூறலாம். அந்தச் சமாதானத்தை நான் ஏற்கிறேன். எனினும், அதே பஞ்சத்தைப் படம் பிடிக்க ஒரு கிராமத்துக்கு வரும் பட்டணத்துக் கலைஞர்களின் கதையான 'அகாலேர் சந்தானே'யில் (1980) மிருணாள் சென், பிறர் பசியைக் கலையாக்க நமக்கு என்ன உரிமை என்ற கேள்வியை நேருக்கு நேர் எழுப்பினார். அந்தக் கேள்வியை ராயின் படம் தன்னைத் தானே கேட்டுக்கொள்ளவில்லை.

அது கேட்டுக்கொள்வது வேறொரு கேள்வி. தன் சாதி உயர்வை மூலதனமாக வைத்துப் பிழைத்த கங்காசரண், தீண்டத்தகாதவளான மோதி மரத்தடியில் பசியால் உயிர் விட்டபோது, எவரும் நெருங்காத அந்த உடலுக்குத் தாமே ஈமக்கடன் செய்யத் துணிகிறார். சௌமித்ர சட்டர்ஜி இந்த மாறுதலை ஒரு பிரசங்கமும் இல்லாமல், கூச்சமும் குற்ற உணர்ச்சியுமாகப் படிப்படியாக நடித்துக் காட்டுகிறார். பஞ்சம் சிலரை மிருகமாக்கிற்று, சிலரை மனிதராக்கிற்று என்ற இரண்டு உண்மைகளையும் ஒன்றையொன்று மறைக்காமல் காட்டியிருப்பதால், மேலே சொன்ன குறைகளோடு சேர்த்தே இதை ராயின் தலைசிறந்த படங்களுள் வைத்து எண்ணுகிறேன். அழகு மனச்சாட்சியை உறங்க வைத்துவிடும் என்பது பொது விதியானால், இந்தப் படம் அதற்கு ஒரு விலக்கு.

அடுத்த இதழில், அயோத்தி ராஜ்யம் பறிபோன வரலாற்றை ராய் இந்துஸ்தானியில் எடுத்த 'சத்ரஞ்ச் கே கிலாடி'யையும் (1977), அதில் நவாபுக்கு அவர் வழங்கிய தீர்ப்பு நியாயமானதா என்பதையும் விசாரிப்போம்.