கைப்பேசி வாங்குமுன் வணிகர்கள் கவனிக்க வேண்டியவை

கடைக்குத் தராசு எவ்வளவு முக்கியமோ, இன்று கைப்பேசியும் அவ்வளவு முக்கியம். கொள்முதல் விலை கேட்பது, சரக்கு லாரி எங்கே வருகிறது என்று விசாரிப்பது, வாடிக்கையாளரின் பட்டியல் வாங்குவது, யு.பி.ஐ. பணம் வந்ததா என்று பார்ப்பது எல்லாம் அதில்தான். ஆனால் தராசில் முத்திரை பார்க்கும் நம் வணிகர்கள், கைப்பேசியில் கேமராவை மட்டும் பார்த்து வாங்கிவிடுகிறார்கள்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரக் கடைகளிலிருந்து நாம் தினமும் போனில் ஆர்டர் எடுக்கிறோம். பேச்சு விட்டுவிட்டு வந்தால் ‘எழுபது’ என்பது ‘எண்பது’ என்று காதில் விழும். துவரம் பருப்பு பத்து மூட்டை கூடுதலாக வந்து இறங்கிவிட்டால், வண்டி வாடகையும் ஏற்றுகூலி, இறக்குகூலியும் யார் தலையில் என்பதில் பல வருடப் பழக்கமும் கெட்டுப்போகும். ஆகவே நம் தொழிலுக்குக் கைப்பேசியின் முதல் வேலை, பேச்சு தெளிவாகக் கேட்பதே.

இந்தியாவில் செல்போன் பேச்சு 1995 ஜூலை 31 அன்று தொடங்கியது. 2003 வரை, நமக்கு வரும் அழைப்புக்கும் நாமே காசு கொடுத்தோம். இணையம் வழியாகப் பேசுவதை மத்திய அரசு 2002 ஏப்ரல் முதல்தான் அனுமதித்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபோது பலர் ஒரு பாடம் கற்றார்கள். அந்த நிறுவனத்துக்கு 2ஜி, 3ஜி கிடையாது. பேச்சும் 4ஜி இணையத்தின் வழியாகவே போகும். இதற்குத்தான் ‘வோல்ட்டி’ என்று பெயர். பெட்டியில் 4ஜி என்று அச்சிட்டிருந்தும் வோல்ட்டி இல்லாத போன்களில், தனிச் செயலி ஒன்றைப் போட்டுக்கொண்டால்தான் பேச முடிந்தது. பெட்டியின் மேல் இருப்பதை மட்டும் நம்பி வாங்கக் கூடாது என்பதே அந்தப் பாடம்.

இன்று இணையவழிப் பேச்சு மூன்று வகை.

முதலாவது வோல்ட்டி. இது இல்லாத போனில் ஏர்டெல் போன்ற சிம் போட்டால், அழைப்பு வந்ததும் போன் 2ஜிக்கு இறங்கும். பேசி முடிக்கும்வரை இணையம் நிற்கும். கல்லாவில் வாடிக்கையாளர் பணம் அனுப்பிவிட்டேன் என்று நிற்க, நம்மால் சரிபார்க்க முடியாது.

இரண்டாவது வைஃபை வழி அழைப்பு. ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் தொடங்கின. தகரக் கூரை போட்ட குடோனுக்குள் சிக்னல் வராது என்பது நமக்குத் தெரிந்ததே. அங்கே வைஃபை இருந்தால், நமது வழக்கமான எண்ணிலேயே பேசலாம். எதிரில் இருப்பவர் சாதாரண பட்டன் போன் வைத்திருந்தாலும் பாதகமில்லை. இது எல்லா மாடலிலும் இல்லை. கேட்டு வாங்க வேண்டும்.

மூன்றாவது, வாட்ஸ்அப் போன்ற செயலிகள். இருவரிடமும் அதே செயலியும் இணையமும் வேண்டும். ஆபத்து நேரத்தில் 112-ஐ இதில் கூப்பிட முடியாது. விலை குறைந்த போன்கள் பேட்டரியை மிச்சம் பிடிக்க, பின்னால் ஓடும் செயலிகளை நிறுத்திவிடும்; மணி அடிக்காமலே அழைப்பு போய்விடும். போனின் பேட்டரி செட்டிங்கில் வாட்ஸ்அப்புக்கு விலக்கு கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை குறையும்.

இனி, வாங்கும்போது பார்க்க வேண்டியவை:

1. முதலில் சிம், பிறகுதான் போன். கல்லா, குடோன் இரண்டிலும் எந்த நிறுவனத்தின் சிக்னல் நன்றாக வருகிறது என்று, அந்தச் சிம் வைத்திருப்பவரைப் பேசச் சொல்லிப் பாருங்கள். இரண்டு சிம் போடும் போனானால், இரண்டும் ஒரே நிறுவனமாக இருக்க வேண்டாம்.

2. பேச்சுக்கு 4ஜி வோல்ட்டியே போதும். 5ஜி என்பதற்காக மட்டும் கூடுதல் விலை கொடுப்பது அவசியமில்லை.

3. பாதுகாப்புப் புதுப்பிப்பு இன்னும் எத்தனை ஆண்டு வரும் என்று கேளுங்கள். வங்கிக் கணக்கே போனில் இருக்கும்போது இதை அலட்சியம் செய்யக் கூடாது.

4. கடை பெயரிலும் ஜி.எஸ்.டி. எண்ணிலும் பில் வாங்குங்கள். வரி 18 சதவீதம். 11,800 ரூபாய் போனில் 1,800 ரூபாய் வரி. தொழிலுக்கு வாங்கியதானால், காம்போசிஷனில் இல்லாதவர்கள் இதை உள்ளீட்டு வரியாக வரவு எடுக்கலாம்.

5. *#06# அழுத்தினால் வரும் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் பில்லிலும் இருக்கட்டும். பழைய போன் வாங்குபவர்கள், மத்திய அரசின் ‘சஞ்சார் சாத்தி’யில் அந்த எண்ணைச் சரிபார்த்த பிறகே பணம் கொடுக்கவும். போன் தொலைந்தால் அதை முடக்கவும் அங்கேயே வழி உண்டு.

கூடியவரை நம் ஊர்க் கடையிலேயே வாங்குவோம். பழுது வந்தால் நேரில் போய்க் கேட்கலாம். நம்மைப் போன்ற ஒரு வணிகரும் பிழைப்பார்.

எவ்வளவு நல்ல போனானாலும், ஆர்டர் பேசி முடித்தவுடன் சரக்கு, மூட்டை எண்ணிக்கை, விலை மூன்றையும் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிவிடுங்கள். அதைப் பார்த்த பிறகே மூட்டை ஏற்றுவது என்று நாம் வழக்கமாக்கிக்கொண்டால், எழுபதா எண்பதா என்ற வழக்கே வராது.