டைட்டேனியம் வெல்டிங்: நிறம் சொல்லும் உண்மை

மாத்தளை நகரிலும் உக்குவளை, ரத்தோட்டைப் பக்கங்களிலும் வெல்டிங் கடைகளுக்குக் குறைவில்லை. கேற், கிறில், ட்ரக்டர் பெட்டி என்று நாள் முழுக்க வேலை நடக்கும். அங்கு கை பழகி வளைகுடாவுக்குப் போக ஆயத்தமாகும் இளைஞர்களோடு பேசும்போது, 'டிக்', 'ஆர்கன்' என்பவற்றோடு இன்னொரு சொல்லும் என் காதில் விழுகிறது: டைட்டேனியம். அது தெரிந்தால் சம்பளம் கூட என்கிறார்கள். அது என்ன வேலை என்று கேட்டால் பலரிடம் பதில் இல்லை.

பாடசாலை இரசாயனவியல் புத்தகத்தில் நாம் 'தைத்தேனியம்' என்று படித்த உலோகம்தான் இது. ஒரு கன சென்ரிமீற்றர் இரும்பின் நிறை ஏறத்தாழ 7.9 கிராம், டைட்டேனியம் 4.5 கிராம் மட்டுமே. கடல் நீர் அதை அரிப்பதில்லை. மேற்பரப்பில் தானாக உருவாகும் மெல்லிய ஒட்சைட்டுப் படலம் அதைக் காக்கிறது. அதனால்தான் கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலைகளிலும், கடல் நீரால் குளிரூட்டும் மின் நிலையங்களிலும், இரசாயன ஆலைகளிலும் டைட்டேனியக் குழாய்கள் உள்ளன. மனித உடலும் அதை ஏற்றுக்கொள்கிறது. முறிந்த எலும்பில் பொருத்தும் தகடுகளிலும் நவீன செயற்கைக் கால்களின் பாகங்களிலும் அது இருக்கிறது. போரில் கால் இழந்தவர்கள் வாழும் வீடுகளுக்கு இது தூரத்து விஞ்ஞானம் அல்ல.

இந்த உலோகத்தின் தாய் மண்ணும் நமக்குப் பக்கத்தில்தான். புல்மோட்டைக் கடற்கரைக் கறுப்பு மணலில் இல்மனைட், ரூட்டைல் ஆகிய டைட்டேனியக் கனிமங்கள் உள்ளன. போர்க்காலத்தில் அந்த மணலும் போர்க்களமானது. 1997 செப்டெம்பரில் புல்மோட்டைக்கு அப்பால் கனிமம் ஏற்ற நின்ற 'கோர்டியாலிட்டி' கப்பலை விடுதலைப் புலிகள் தாக்கினர். இன்று கொக்கிளாயிலும் மன்னாரிலும் மணல் அகழ்வுக்கு எதிராக மக்கள் குரல் எழுப்புகிறார்கள். மணல் கனிமமாகவே கப்பலேறுகிறது. கடலுக்கு அப்பால் கேரளத்தின் சவறையிலோ, கடற்கரை மணலிலிருந்து டைட்டேனியப் பஞ்சுலோகம் எடுக்கும் ஆலை 2011 முதல் இயங்குகிறது. நம்மிடம் அந்த ஆலை இல்லை. ஆனால் அந்த உலோகத்தை ஒட்டும் கையைப் பழக்க முடியும்.

இரும்பை ஒட்டும் கைக்கு டைட்டேனியத்தில் என்ன சிரமம்? காற்றுத்தான். டைட்டேனியம் 1668 பாகை செல்சியஸில் உருகுகிறது. சூடான டைட்டேனியம் காற்றிலுள்ள ஒட்சிசனையும் நைதரசனையும் உறிஞ்சிக்கொள்கிறது. உறிஞ்சினால் ஒட்டு கடினமாகி, கண்ணாடி போல நொறுங்கும். இரும்பில் வெல்டிங் குட்டை உறைந்ததும் கையை எடுக்கலாம். இங்கே உறைந்த பிறகும், ஏறத்தாழ 425 பாகைக்குக் கீழ் ஆறும்வரை காற்றுப் படக்கூடாது.

ஆகவே ஆர்கன் வாயு மூன்று இடங்களில் வேண்டும். ஒன்று, டோர்ச்சிலிருந்து குட்டையின் மேல். இரண்டு, டோர்ச்சின் பின்னால் இழுபட்டு வரும் கவசப் பெட்டியிலிருந்து, ஆறிக்கொண்டிருக்கும் ஒட்டின் மேல். மூன்று, குழாயின் உட்பக்கத்தில். நிரப்புக் கம்பியின் சூடான நுனியும் வாயுவுக்குள்ளேயே இருக்க வேண்டும். வெளியே வந்துவிட்டால் அந்த நுனியை வெட்டி எறிய வேண்டும்.

சுத்தம் பாதி வேலை. விளிம்பை அசற்றோனால் துடைக்க வேண்டும். விரல் எண்ணெய் பட்டாலே குறைதான். சுத்தமான கையுறை அவசியம். இரும்பு தேய்த்த பிரஷ்சையோ கிரைண்டர் தட்டையோ இதில் தொடக்கூடாது. டைட்டேனியத்தை நேரடியாக இரும்போடு ஒட்டவும் முடியாது. இடையில் நொறுங்கும் கலவை உண்டாகும்.

முடிந்த ஒட்டு தன் கதையை நிறத்தில் சொல்லும். வெள்ளிப் பளபளப்பு என்றால் நல்லது. வெளிர் வைக்கோல் நிறம் பொதுவாக ஏற்கப்படும். நீலம் எச்சரிக்கை. சாம்பல் நிறமோ வெண்தூளோ வந்தால் வெட்டி எடுத்து மீண்டும் செய்வதே வழி. பிரஷ் போட்டு நிறத்தை அழித்துவிட்டால் ஒட்டு மினுங்கும். உள்ளே இருக்கும் குறை போகாது. அதனால் தேய்க்கும் முன்பே பார்க்க வேண்டும்.

உயிருக்கும் கவனம் வேண்டும். ஆர்கன் காற்றைவிடக் கனமானது, மணமற்றது. தொட்டிக்குள்ளும் குழிக்குள்ளும் தேங்கி, அறிகுறி இல்லாமல் மூச்சை நிறுத்தும். டைட்டேனியத் தூள் தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றக்கூடாது. உலர்ந்த மணலால் மூட வேண்டும்.

1977, 1983 வன்முறைகளால் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போய், அங்கே போரையும் கண்ட குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் காணியும் இல்லை, முதலும் இல்லை. கைத்தொழில்தான் சொத்து. அவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: முதலில் இரும்பில் டிக், பிறகு துருப்பிடிக்காத உருக்குக் குழாய், அதன் பிறகே டைட்டேனியம். தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழை எடுத்து வையுங்கள். அது மட்டும் போதாது. டைட்டேனியத்துக்குத் தனியாக ஒட்டுத் துண்டு செய்து காட்டும் சோதனை இருக்கும். முகவரிடம் காசு கொடுக்கும் முன், எந்த உலோகத்தில், எந்தத் தரத்தின்படி, எங்கே சோதனை என்று எழுத்தில் கேளுங்கள். அதற்குப் பதில் சொல்ல முடியாதவரிடம் அம்மாவின் நகையை அடகு வைத்த காசைக் கொடுக்காதீர்கள்.