கணிப்பொறிக்குள் ஒரு மரக்குதிரை

கள்வன் ஒரு வீட்டுக்குள் புக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, சுவரில் கன்னம் வைத்து நுழைவது. மற்றொன்று, நல்லவனைப்போல் வேடமிட்டு வந்து கதவைத் தட்டுவது. இரண்டாவது வழியில் தாழ்ப்பாளை நீக்குவது நம்முடைய கையேதான். கணிப்பொறியையும் கைப்பேசியையும் கெடுக்கும் தீய புரோகிராம்களிலும் இப்படி வேடமிட்டு வரும் வகை ஒன்று உண்டு. அதற்கு 'டிரோஜன்' என்று பெயர். அது எவ்வாறு நுழைகிறது, அதை எவ்வாறு வெளியேற்றுவது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

பெயர் வந்த கதை

டிராய் நகரைக் கிரேக்கர்கள் பத்து ஆண்டுகள் முற்றுகையிட்டும் அதன் மதிலைக் கடக்க முடியவில்லை என்பது பழைய கிரேக்கக் கதை. இறுதியில் மரத்தால் ஒரு பெரிய குதிரையைச் செய்து, அதன் வயிற்றில் வீரர் சிலரை ஒளித்துவைத்துவிட்டு, கப்பலேறிப் போய்விட்டதுபோல் நடித்தார்கள். லவோக்கூன் என்னும் பூசாரி எச்சரித்தும் கேளாமல், நகர மக்களே அக்குதிரையை உள்ளே இழுத்துச் சென்றார்கள். அன்றிரவே நகரம் வீழ்ந்தது.

கணிப்பொறியில் நடப்பதும் இதுவே. 'வைரஸ்' வேறொரு புரோகிராமில் ஒட்டிக்கொண்டு பெருகும். 'வொர்ம்' எனப்படும் புழு, ஒரு கணிப்பொறியிலிருந்து இன்னொன்றுக்குத் தானே ஊர்ந்து செல்லும். டிரோஜனோ தானாகப் பெருகுவதில்லை. பயனுள்ள ஒரு பொருளாகத் தோன்றி, நாம் அதைத் திறக்கும்வரை காத்திருக்கும்.

1989இல் வந்த தபால்

இதற்கு ஓர் உண்மை நிகழ்ச்சியைக் காண்போம். 1989 டிசம்பரில் பல நாடுகளில் இருந்தவர்களுக்குத் தபாலில் ஒரு பிளாப்பித் தட்டு வந்தது. எய்ட்ஸ் நோய் பற்றிய மாநாட்டுக்குச் சென்றவர்களும், ஒரு கணிப்பொறி இதழின் சந்தாதாரர்களும் அவர்களுள் அடங்குவர். ஏறத்தாழ 20,000 தட்டுகள் அனுப்பப்பட்டன. அந்நோயைப் பற்றிய விவரங்கள் அதில் இருப்பதாக அட்டையில் எழுதியிருந்தது. அது பொய்யுமல்ல, கேள்விகளைக் கேட்டு, நோய் வரும் வாய்ப்பைக் கணித்துச் சொல்லும் புரோகிராம் ஒன்று அதில் உண்மையாகவே இருந்தது.

ஆனால் அதனோடு மறைந்து வந்த இன்னொன்று, கணிப்பொறி எத்தனை முறை இயக்கப்படுகிறது என்று சத்தமின்றி எண்ணிக்கொண்டிருந்தது. ஏறத்தாழ தொண்ணூறாவது முறை இயக்கியபோது கோப்புகளின் பெயர்கள் எல்லாம் புரியாத எழுத்துகளாக மாறிப்போயின. 189 டாலரைப் பனாமா நாட்டிலுள்ள ஒரு தபால் பெட்டிக்கு அனுப்பும்படி திரையில் கட்டளை தோன்றியது. இதில் வியப்பு என்னவென்றால், பணம் செலுத்தாவிட்டால் மற்றப் புரோகிராம்கள் பாதிக்கப்படும் என்று தட்டுடன் வந்த தாளிலேயே அச்சிடப்பட்டிருந்தது!

இதன் தொடர்பில் ஜோசப் பாப் என்ற அமெரிக்க உயிரியல் அறிஞர் கைதானார். மனநிலை சரியில்லை என்று கூறி, பிரிட்டனில் அவரை விசாரணைக்கு உட்படுத்தாமல் விட்டார்கள். ஜிம் பேட்ஸ் என்ற ஆங்கிலேயர் அத்தட்டை ஆராய்ந்து, கோப்புகளின் பெயர்கள்தாம் மாற்றப்பட்டுள்ளன, உள்ளடக்கம் அப்படியே இருக்கிறது என்று கண்டறிந்தார். அதைச் சரிசெய்யும் புரோகிராம்களையும் எழுதினார். பொறுமையாக இருந்தவர்கள் தங்கள் உழைப்பை மீட்டுக்கொண்டார்கள். பதறிப்போய் எல்லாவற்றையும் அழித்தவர்களோ திருடன் எடுக்காததையும் தாங்களே இழந்தார்கள்.

இன்றைய வேடங்கள்

இன்று தபாலுக்குப் பதில் மின்னஞ்சலும் வாட்ஸ்அப்பும் வந்துவிட்டன. 2014இல் வெளிப்பட்ட 'எமோடெட்' என்னும் டிரோஜன், கடைக்காரர் அனுப்பிய பில் போன்ற கடிதமாக வந்தது. அதைத் திறந்து, "அனுமதி" என்ற பொத்தானை அழுத்தியவர்களின் கணிப்பொறிக்குள் புகுந்தது. 2021 ஜனவரியில் பல நாட்டுக் காவல்துறையினர் கூடி அதை முடக்கினார்கள். ஆயினும் அவ்வாண்டு இறுதிக்குள் அது மீண்டும் தலைதூக்கியது.

நம் நாட்டிலும் திருமண அழைப்பிதழ் என்ற பெயரில் கைப்பேசிக்கு வரும் கோப்புகளைப் பற்றி 2024இல் காவல்துறையினர் எச்சரித்தார்கள். அழைப்பிதழ் என்றால் அது படமாகவோ பி.டி.எஃப். கோப்பாகவோ இருக்கும். கோப்பின் பெயர் ஏ.பி.கே. என்று முடிந்தால் அது அழைப்பிதழ் அன்று. கைப்பேசியில் குடியேறத் துடிக்கும் ஒரு செயலி. குறுஞ்செய்திகளைப் படிக்க அதற்கு அனுமதி தந்துவிட்டால், வங்கி அனுப்பும் ஓ.டி.பி. எண் நம் கண்ணில் படுமுன் கள்வன் கைக்குப் போய்ச் சேரும். தாயும் தந்தையும் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் ஒரு நொடியில் பறிபோகும்.

இலவசமாகக் கிடைக்கும் திருட்டு விளையாட்டுகள், "உங்கள் கணிப்பொறியில் வைரஸ் இருக்கிறது, இங்கே அழுத்துங்கள்" என்று மிரட்டும் விளம்பரங்கள் ஆகியவையும் இத்தகைய குதிரைகளே. வெளுத்ததெல்லாம் பாலல்ல.

வெளியேற்றுவது எப்படி?

1. முதலில் இணையத் தொடர்பைத் துண்டிக்க வேண்டும். திருடியதை வெளியே அனுப்பவும், வெளியிலிருந்து கட்டளை பெறவும் டிரோஜனுக்கு அந்த வழி தேவை.

2. வங்கிக் கணக்குக்கு ஆபத்து என்று தோன்றினால், வேறொரு தொலைபேசியிலிருந்து வங்கிக்கும், 1930 என்ற உதவி எண்ணுக்கும் உடனே தெரிவிக்க வேண்டும். விரைந்து சொன்னால் பணத்தைத் தடுத்து நிறுத்த வழியுண்டு.

3. விண்டோஸ் கணிப்பொறியில் 'டிஃபெண்டர்' என்னும் பாதுகாப்புப் புரோகிராம் இருக்கிறது. அதைக் கொண்டு முழுச் சோதனை செய்ய வேண்டும். அதிலேயே 'ஆஃப்லைன்' சோதனை என்றும் ஒன்று உண்டு. விண்டோஸ் விழிக்குமுன்பே அது சோதித்துவிடும். ஓடிக்கொண்டிருக்கும்போது ஒளிந்துகொள்ளும் டிரோஜன்களைத் தூக்கத்திலேயே பிடிக்க இது உதவும்.

4. கைப்பேசியானால் 'சேஃப் மோட்' என்ற நிலையில் இயக்கி, நாம் அறியாத செயலியை நீக்க வேண்டும். நீக்க இயலாதபடி அது தடுத்தால், அதற்குத் தரப்பட்ட நிர்வாகி அனுமதியை முதலில் ரத்து செய்ய வேண்டும்.

5. கடவுச்சொற்களை எல்லாம் நோயற்ற வேறொரு கருவியிலிருந்து மாற்ற வேண்டும். கெட்டுப்போன கருவியிலேயே மாற்றினால் புதிய சாவியையும் கள்வனிடமே கொடுத்ததாகும்.

6. இவற்றாலும் தீராவிட்டால், படங்களையும் பாடக் குறிப்புகளையும் மட்டும் எடுத்துவைத்துக்கொண்டு, கருவியை முற்றிலும் அழித்துப் புதிதாக அமைப்பதே உறுதியான வழி. ஆகவே முக்கியமானவற்றை முன்கூட்டியே வேறொரு தட்டில் பிரதி எடுத்துவைப்பது நலம்.

மறைக்க வேண்டாம்

மேற்சொன்ன மருந்துகள் எல்லாவற்றுக்கும் முந்திய மருந்து ஒன்றுண்டு. அதுவே வாய் திறந்து சொல்வது. தெரியாமல் எதையோ அழுத்திவிட்ட மாணவி, வீட்டில் திட்டுவார்களோ, கைப்பேசியைப் பிடுங்கிக்கொள்வார்களோ என்று அஞ்சி மூன்று நாள் மறைத்தால், அந்த மூன்று நாளும் கள்வனுக்குத் திருநாள். புகைப்படங்களை வெளியிடுவேன் என்று யாரேனும் மிரட்டினாலும், பணம் கொடுத்து அடங்கிப் போகாமல், அன்றே பெற்றோரிடமோ ஆசிரியையிடமோ சொல்லிவிட வேண்டும். குற்றம் ஏமாற்றியவனுடையது, ஏமாந்தவளுடையது அன்று. பெற்றோரும் பெரியோரும் முதலில் கோபத்தை அடக்கி, நடந்ததைக் காதுகொடுத்துக் கேட்பார்களானால், பிள்ளைகள் தாமே ஓடிவந்து சொல்வார்கள்.

டிராய் நகரை வீழ்த்தியது குதிரையின் வலிமை அன்று; அது யாருடையது, ஏன் வந்தது என்று கேளாமல் இழுத்துச் சென்ற அவசரமே. எனவே எதைத் திறக்குமுன்பும், "இதை அனுப்பியது யார்? நாம் கேட்டோமா?" என்று ஒரு நிமிடம் சிந்திப்போம். ஐயம் எழுந்தால் அனுப்பியவரை அழைத்தே கேட்டுவிடுவோம். அறிவியல் தந்த கருவிகளை விழிப்புடன் பயன்படுத்தி நலம் பெறுவோமாக!